எங்கும் கிடைக்கும் எஞ்சினைத் தேர்ந்தெடுத்த கோவை கரிவரதன்

ஜொகூரில் பழைய கார்களைப் பேணி வைத்திருக்கும் தமிழர்களுக்குக் குறைவில்லை. கூலாய், குளுவாங், சிகாமாட், மாசாய் எனத் தோட்டப்புறமானாலும் பட்டணமானாலும், தாத்தா ஓட்டிய டட்சன் 120ஒய் காரையோ அப்பா தவணை கட்டி வாங்கிய முதல் தலைமுறை புரோட்டோன் சாகாவையோ விற்க மனமில்லாமல் வைத்திருக்கும் குடும்பங்கள் உண்டு. அந்தக் காரை மெருகேற்றித் திருவிழாவுக்கு ஓட்டிச் செல்வதோடு சிலர் நிறுத்திக்கொள்கிறார்கள். வேறு சில இளைஞர்களுக்கு, அதைப் பந்தயத் திடலில் நிறுத்தி, நேர்கோட்டில் 402 மீட்டரை எத்தனை விநாடியில் கடக்கும் என்று பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை இருக்கிறது. அதுதான் டிராக் பந்தயம்.

அந்த ஆசை வந்ததும் ஒரு கேள்வியும் கூடவே வருகிறது. ஊரில் யாரிடமும் இல்லாத அரிய கார் ஒன்றைத் தேடிப் பிடிப்பதா? அல்லது எல்லாப் பட்டறையிலும் உதிரிப்பாகம் கிடைக்கும் சாதாரணக் காரையே எடுத்துக்கொள்வதா?

கோயம்புத்தூரில் வாழ்ந்த ஒருவர் இதே கேள்வியை இன்னும் பெரிய அளவில் சந்தித்தார். அரிய கார்களை வாங்கும் வசதி அவருக்கு இருந்தது. ஆனாலும் இந்தியாவில் எந்தத் தெருவிலும் நிற்கும் ஒரு சின்னக் காரின் எஞ்சினைத் தேர்ந்தெடுத்து, அதை வைத்தே ஒரு தலைமுறை ஓட்டுநர்களை உருவாக்கினார். அவர்தான் எஸ். கரிவரதன். பந்தய உலகில் ‘கரி’ என்றால் எல்லாருக்கும் தெரியும். அவர் மறைந்து 30 ஆண்டுகள் ஓடிவிட்டன.

மில் குடும்பத்துப் பிள்ளை

கரிவரதன் 1954ஆம் ஆண்டு பிறந்தவர். கோவையின் பெரிய நூற்பாலைகளில் ஒன்றான லட்சுமி மில்ஸை 1910இல் தொடங்கிய ஜி. குப்புசாமி நாயுடுவின் பேரன். தந்தை ஜி.கே. சுந்தரம், சுதந்திரப் போராட்டத்திலும் பின்னர் அரசியலிலும் அறியப்பட்டவர். நூற்பாலை இயந்திரங்களைத் தயாரிக்கும் லட்சுமி மெஷின் ஒர்க்ஸ் 1962இல் இதே குடும்பத்தின் முயற்சியில் தோன்றியது.

அவர் வளர்ந்த ஊரையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கோவை வெறும் பஞ்சு ஊர் அல்ல. மில்களுக்குத் தேவையான உதிரிப்பாகங்களை வார்ப்பதற்காகத் தொடங்கிய பட்டறைகள் பிறகு நீரேற்றும் பம்பு, மின்மோட்டார், கடைசல் இயந்திரம் எனப் பலவற்றையும் செய்யத் தொடங்கின. பெரிய படிப்பு எதுவும் இல்லாமலேயே இயந்திரங்களைப் பிரித்துப் பார்த்துக் கற்றுக்கொண்ட ஜி.டி. நாயுடு வாழ்ந்த ஊர் அது. வெளிநாட்டிலிருந்து ஒரு பொருள் வந்தால், அதை வாங்குவதைவிட இங்கேயே செய்ய முடியுமா என்று யோசிப்பது கோவைக்காரர்களின் வழக்கம். பிற்காலத்தில் கரிவரதன் செய்த வேலையில் அந்த வழக்கம் நன்றாகவே தெரிந்தது.

மில் குடும்பத்துப் பிள்ளையாகக் கணக்குப் புத்தகத்தோடு அவர் அமைதியாக வாழ்ந்திருக்கலாம். ஆனால் அவருடைய மனம் எஞ்சின்களின் பக்கம் சென்றது. பந்தயக் கார் ஓட்டினார், கார்களைத் தயார் செய்தார், பிறகு தாமே வடிவமைக்கவும் தொடங்கினார்.

சோழவரம் ஓடுதளம்

அக்காலத்தில் தென்னிந்தியக் கார்ப் பந்தயம் என்றாலே சோழவரம்தான். மெட்ராஸுக்கு வடக்கே இரண்டாம் உலகப் போரின்போது பயன்பட்ட விமான ஓடுதளம் ஒன்று போருக்குப் பின் சும்மா கிடந்தது. 1953இல் அமைந்த மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பந்தயங்களை நடத்தியது. ஆண்டுதோறும் பல்லாயிரம் பேர் வெயிலில் நின்று பார்த்தார்கள்.

பழைய விமான ஓடுதளத்தில் கார்ப் பந்தயம் நடத்துவது சோழவரத்தில் மட்டும் நடந்ததல்ல. அமெரிக்காவில் முறையான டிராக் பந்தயம் வளர்ந்ததும் இப்படிப்பட்ட இடங்களில்தான். கலிபோர்னியாவின் சாண்டா ஆனா விமான நிலைய ஓடுதளத்தில் 1950இல் இளைஞர்கள் வாரந்தோறும் நேர்கோட்டில் ஓட்டத் தொடங்கினார்கள். மறு ஆண்டே வாலி பார்க்ஸ் என்பவர் அதற்கென்று தேசிய அளவில் சங்கம் ஒன்றை அமைத்தார். பொதுச் சாலையில் உயிரைப் பணயம் வைத்து ஓட்டிய இளைஞர்களை ஒழுங்கான இடத்துக்கு அழைத்து வருவது அந்தச் சங்கத்தின் முக்கிய நோக்கமாக இருந்தது.

அந்த அமெரிக்க இளைஞர்கள் எந்தக் காரை எடுத்தார்கள் என்பதும் கவனிக்கத்தக்கது. 1932இல் ஃபோர்டு நிறுவனம் எட்டு சிலிண்டர் எஞ்சினைச் சாமானியரின் காரில் வைத்தது. அதே கார் பழசாகிக் குறைந்த விலைக்கு வந்தபோது, தொழிலாளி வீட்டுப் பிள்ளைகள் அதை வாங்கி, தேவையற்ற தகடுகளைக் கழற்றி எடையைக் குறைத்து ஓட்டினார்கள். 1955இல் செவ்ரோலெட்டின் சிறிய எட்டு சிலிண்டர் எஞ்சின் வந்ததும் அதன் பக்கம் திரும்பினார்கள். இரண்டுமே லட்சக்கணக்கில் செய்யப்பட்டவை. பழைய இரும்புக் கடையிலும் உதிரிப்பாகம் கிடைத்தது. அமெரிக்காவில் டிராக் பந்தயம் மக்கள் விளையாட்டானதற்கு அது ஒரு பெரிய காரணம்.

அரிய கார்களின் காலம்

சோழவரத்தில் நிலைமை வேறு. அன்றைய இந்தியாவில் கார் வாங்குவதே பெரும்பாடு. அம்பாசிடர், பிரீமியர் பத்மினி, ஸ்டாண்டர்டு என்று விரல்விட்டு எண்ணக்கூடிய கார்களே கிடைத்தன. வெளிநாட்டுக் காரை இறக்குமதி செய்யக் கடும் கட்டுப்பாடும் கனத்த வரியும் இருந்தன. அதனால் உண்மையான பந்தயக் கார் என்பது அரச குடும்பத்தாரும் பெருந்தொழிலதிபர்களும் மட்டுமே தொடக்கூடிய பொருளாக இருந்தது. பெங்களூர்த் தொழிலதிபர் விஜய் மல்லையா பழைய என்சைன் ஃபார்முலா ஒன்று காரையே சோழவரத்துக்குக் கொண்டுவந்து ஓட்டினார்.

பார்வையாளர்களுக்கு அது நல்ல வேடிக்கை. ஆனால் பந்தயம் என்ற அளவில் அதில் ஒரு குறை இருந்தது. ஒருவரிடம் வெளிநாட்டுப் பந்தயக் கார், இன்னொருவரிடம் வீட்டுக் காரை மாற்றியமைத்த வண்டி என்றால், யார் திறமையாக ஓட்டினார் என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? பணம் அதிகம் செலவழித்தவர் முன்னால் போனார். மேலும், அரிய காரில் ஒரு சின்னப் பாகம் உடைந்தாலும் அது கடல் கடந்து வர வேண்டும். அதுவரை கார் கொட்டகையில் கிடக்கும். பணமில்லாத வீட்டுப் பையன் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் வேலிக்கு வெளியே நின்று கைதட்டுவதோடு சரி.

கரிவரதனும் வசதியானவர்களின் பக்கத்தில் நின்றவர்தான். அந்த வரிசையில் ஒருவராக இருந்துகொண்டே காலத்தை ஓட்டியிருக்கலாம். ஆனால் நாலு பேர் மட்டுமே ஓட்டக்கூடிய விளையாட்டு வளராது என்பதை அவர் உணர்ந்தார். அவருக்கு வேண்டியிருந்தது, குறைந்த செலவில் செய்து பலர் கையில் கொடுக்கக்கூடிய ஒரு பந்தயக் கார்.

மாருதி 800 வந்தது

1983 டிசம்பரில் டெல்லிக்கு அருகே குர்கான் தொழிற்சாலையிலிருந்து முதல் மாருதி 800 வெளிவந்தது. ஜப்பானின் சுசூகி நிறுவனத்தின் தொழில்நுட்பத்தில் உருவான கார் அது. 796 சிசி கொள்ளளவும் மூன்று சிலிண்டர்களும் கொண்ட எஞ்சின், 40 குதிரைத்திறனைக்கூடத் தொடாது. கார் மொத்தமும் சுமார் 650 கிலோதான். சில ஆண்டுகளிலேயே ஆசிரியர்களும் வங்கி ஊழியர்களும் சிறு வியாபாரிகளும் அதை வாங்கி ஓட்டினார்கள். நம் நாட்டில் 1985இல் வந்த புரோட்டோன் சாகா எப்படி நடுத்தரக் குடும்பங்களின் முதல் கார் ஆனதோ, அதுபோலத்தான் அங்கே மாருதி 800.

பந்தயக்காரர்கள் பலருக்கும் அது பெண்டு பிள்ளைகளைப் பள்ளிக்கும் கடைக்கும் அழைத்துப்போகும் வண்டி. கரிவரதன் அதை வேறு கண்ணோடு பார்த்தார். எஞ்சின் சிறியதுதான். ஆனால் எடை குறைவு, எரிபொருள் செலவு குறைவு, எளிதில் பழுதாகாது. எல்லாவற்றுக்கும் மேலாக, நாட்டின் எந்த ஊரிலும் அதன் உதிரிப்பாகம் கிடைக்கும், அதைப் பழுதுபார்க்கத் தெரிந்த மெக்கானிக்கும் கிடைப்பார்.

1980களின் இறுதியில், அவருடைய ‘சூப்பர் ஸ்பீட்ஸ்’ பட்டறையிலிருந்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் ஒன்று வந்தது. தரையோடு ஒட்டிய உடலும் திறந்த சக்கரங்களும் ஃபார்முலா காரின் அமைப்பும் கொண்ட அந்தக் காரின் எஞ்சின், தெருவில் ஓடும் அதே மாருதி 800 எஞ்சின். ஃபார்முலா மாருதி என்ற பெயரில் அந்த வகைக் கார்களுக்கெனத் தனிப் பந்தயம் உருவானது.

சிறிய எஞ்சின் எப்படிப் போதும் என்ற கேள்வி எழலாம். காரின் வேகத்தை எஞ்சின் மட்டும் முடிவு செய்வதில்லை, ஒவ்வொரு குதிரைத்திறனும் எத்தனை கிலோவை இழுக்கிறது என்பதே முக்கியம். கூரை, கதவு, பின் இருக்கை, கண்ணாடி எதுவும் இல்லாத வண்டியில் அதே சின்ன எஞ்சின் வேறு குணம் காட்டும். அது மட்டுமல்ல, எல்லாரிடமும் ஒரே எஞ்சின் இருந்தால், முன்னால் போகிறவர் தம் ஓட்டும் திறமையால்தான் போகிறார். எங்கே பிரேக் பிடிக்க வேண்டும், எந்த இடத்தில் கியர் மாற்ற வேண்டும் என்பதைக் கற்றுக்கொண்டவனே ஜெயிப்பான். ஆக, அந்தக் கார் பந்தய வண்டியாகவும் இருந்தது, பள்ளிக்கூடமாகவும் இருந்தது.

பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள்

1990இல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் முறையான பந்தயத் திடல் திறக்கப்பட்டது. சோழவரத்தின் விமான ஓடுதளத்தை விட்டுப் பந்தயங்கள் அங்கே நகர்ந்தன. ஃபார்முலா மாருதி கார்களும் அங்கே ஓடின.

அந்தக் காரில் தம் முதல் பந்தயத்தை ஓட்டியவர்களில் ஒருவர் நரேன் கார்த்திகேயன். கரிவரதனுக்கு உறவினர். தந்தை ஜி.ஆர். கார்த்திகேயன் பெயர் பெற்ற ராலி ஓட்டுநர். 15 வயதில் ஃபார்முலா மாருதியில் ஏறிய நரேன், 1995இல் ஃபார்முலா ஆசியா பந்தயத்துக்கு வந்து நம் ஷா ஆலாம் திடலில் இரண்டாவதாக வந்தார். மறு ஆண்டு அந்தத் தொடரின் வெற்றியாளரும் ஆனார். 2005இல் ஃபார்முலா ஒன்று போட்டியில் ஓட்டிய முதல் இந்தியர் என்ற பெயரோடு செப்பாங்குக்கு வந்து 11ஆவது இடத்தில் முடித்தார். அந்த நாளில் செப்பாங்கில் ஒரு தமிழ்நாட்டு இளைஞரை ஃபார்முலா ஒன்று காரில் பார்த்த மலேசியத் தமிழர்களுக்கு அது மறக்க முடியாத காட்சி.

சென்னையைச் சேர்ந்த கருண் சந்தோக் 2000ஆம் ஆண்டில் தம் பந்தய வாழ்க்கையைத் தொடங்கியதும் ஃபார்முலா மாருதியில்தான். அவ்வாண்டே தேசிய வாகையைச் சூடினார். 2010இல் அவரும் ஃபார்முலா ஒன்றில் இடம்பிடித்து செப்பாங்கில் ஓட்டினார். ஃபார்முலா ஒன்றுக்குச் சென்ற இந்த இரண்டு இந்தியர்களுமே தெருக் காரின் எஞ்சினில் பழகியவர்கள்.

41 வயதில் முடிந்த வாழ்க்கை

கரிவரதனின் ஆர்வம் தரையோடு நிற்கவில்லை. சிறிய இலகு ரக விமானங்கள் மீதும் அவருக்குப் பற்று இருந்தது. கோவை செட்டிபாளையத்தில் அத்தகைய விமானங்களுக்காகச் சூப்பர் ஸ்பீட்ஸ் ஓர் ஓடுதளத்தை அமைத்தது. அந்தப் பற்றே அவருக்கு எமனாகவும் அமைந்தது. 1995 ஆகஸ்டில் விமான விபத்தில் கரிவரதன் உயிரிழந்தார். அப்போது அவருக்கு வயது 41.

நரேன் ஃபார்முலா ஒன்றில் ஏறியதை அவர் பார்க்கவில்லை. தாம் தொடங்கிவைத்த கார் வகையிலிருந்து இன்னொருவரும் அந்த உயரத்துக்குச் செல்வார் என்பதும் அவருக்குத் தெரியாது.

அவர் போன பிறகும் வேலை நிற்கவில்லை. அவருடைய நண்பரும் எல்.ஜி.பி. நிறுவனத்தைச் சேர்ந்தவருமான பி. விஜயகுமார், செட்டிபாளையத்தின் அந்த ஓடுதளம் இருந்த இடத்திலேயே 2.1 கிலோமீட்டர் நீளப் பந்தயத் திடலை உருவாக்கினார். 2003இல் திறக்கப்பட்ட அதற்குக் கரி மோட்டார் ஸ்பீட்வே என்று பெயர். எல்.ஜி.பி. பெயரிலான ஃபார்முலா கார்கள், சாதாரணக் கார்களின் எஞ்சினைக் கொண்டு பந்தயக் கார் செய்யும் வழியைத் தொடர்ந்தன. இன்று தமிழ்நாட்டு இளைஞர்கள் பலர் பந்தயம் பழகுவது அந்தத் திடலில்தான்.

அவரால் முடியாத ஒன்று

கரிவரதனைப் போற்றும்போது ஓர் உண்மையையும் மறைக்கக்கூடாது. அவர் பந்தயத்தின் விலையைக் குறைத்தார். ஆனால் ஏழை வீட்டுப் பிள்ளை எளிதில் ஏறும் அளவுக்கு அது குறையவில்லை. கார் மலிவானாலும் டயர், எரிபொருள், பயணம், தலைக்கவசம், தீப்பிடிக்காத உடை எல்லாவற்றுக்கும் செலவு உண்டு. நரேனும் கருணும் மோட்டார் பந்தயத்தில் ஊறிய, வசதியுள்ள குடும்பங்களில் பிறந்தவர்கள். அவர் அமைத்தது ஏணியின் முதல் படி. அதற்கு மேலுள்ள படிகளுக்கு அப்போதும் பணம் வேண்டியிருந்தது, இப்போதும் வேண்டியிருக்கிறது.

ஆனாலும் முதல் படி இல்லாமல் இரண்டாம் படி இல்லை. அவருக்கு முன்னால் ஃபார்முலா பந்தயக் கார் என்றால் கப்பலில் வர வேண்டிய பொருள். அவருக்குப் பின்னால் அது கோவைப் பட்டறையில் செய்யக்கூடிய பொருள். கார் செய்பவர், எஞ்சின் பிரிப்பவர், பந்தயம் நடத்துபவர் என்று பலருக்கும் அதனால் தொழில் கிடைத்தது. அரிய கார் ஒன்றை வாங்கியிருந்தால், அதில் அவர் ஒருவரே ஓட்டியிருப்பார்.

ஜொகூர் இளைஞர்களுக்கு

ஜொகூருக்கும் பந்தயம் புதிதல்ல. 1960களில் ஜொகூர் பாருவின் சாலைகளிலேயே கிராண்ட் பிரீ பந்தயம் நடந்தது. 1986இல் பாசீர் கூடாங் திடல் திறக்கப்பட்டது. 1998இல் உலக மோட்டார் சைக்கிள் கிராண்ட் பிரீ அங்கேதான் நடைபெற்றது. இத்தகைய மாநிலத்தில் பழைய காரோடு டிராக் பந்தயத்துக்கு ஆசைப்படும் ஒரு தோட்டத்து இளைஞர் கரிவரதனின் வாழ்க்கையிலிருந்து எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது.

டிராக் பந்தயத்தில் பொருள் உடைவது பெரும்பாலும் புறப்படும் அந்த ஓரிரு விநாடியில். நின்ற இடத்திலிருந்து முழு வேகத்தோடு கிளம்பும்போது கிளட்ச், கியர்பாக்ஸ், சக்கரத்தைச் சுழற்றும் அச்சு ஆகியவை முழுச் சுமையையும் தாங்குகின்றன. ஒரு பருவத்தில் இவற்றில் ஏதாவது ஒன்று உடையத்தான் செய்யும். டட்சன் 120ஒய், பழைய டொயோட்டா கொரோலா, புரோட்டோன் சாகா போன்ற கார்கள் என்றால் பழைய உதிரிப்பாகக் கடையில் தேடிப் பிடித்துவிடலாம். தெரிந்த மெக்கானிக்கும் பக்கத்து ஊரிலேயே இருப்பார். அடுத்த போட்டிக்கும் கார் வந்துவிடும். அரிய கார் என்றால் ஒரு பாகத்துக்காக மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும், சம்பளத்தில் பாதியும் போய்விடும்.

இன்னொரு நட்டமும் உண்டு. அரிய காரின் மதிப்பு அது மூல வடிவத்தில் இருப்பதில்தான் இருக்கிறது. பந்தயத்துக்காக அதன் எஞ்சினை மாற்றி, தரையை வெட்டி, இருக்கைகளைக் கழற்றினால் அந்த மதிப்பு போய்விடும். அதை மீண்டும் பழையபடி ஆக்குவது மிகக் கடினம். நாட்டில் மிச்சமிருக்கும் சில கார்களில் ஒன்றும் குறைந்துவிடும். அத்தகைய காரைப் பேணிக் காட்சிக்கு வைப்பதே நியாயம். ஆயிரக்கணக்கில் உள்ள சாதாரணக் காரை வெட்டி ஒட்டினால் யாருக்கும் பெரிய இழப்பில்லை.

சாதாரணக் கார் என்றால் போட்டிக்கு ஆளும் கிடைக்கும். அதே வகைக் காரோடு நாலு பேர் வந்தால், யார் எஞ்சினை நன்றாகச் சீர்செய்தார், யார் கியரைச் சரியாக மாற்றினார் என்பது தெரியவரும். ஒருவர் கற்றதை இன்னொருவருக்குச் சொல்லிக் கொடுக்கவும் முடியும்.

கடைசியாக ஒன்று. கரிவரதன் பலருக்கும் எட்டும்படி பந்தயக் கார் செய்தார் என்றால், அது திடலில் ஓட்டுவதற்குத்தான். பொதுச் சாலையில் நடக்கும் சட்டவிரோதப் பந்தயங்களால் நம் பிள்ளைகள் உயிரிழந்த செய்தி அடிக்கடி வருகிறது. எஞ்சினை மாற்றினால் சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதி தேவை. பந்தயம் ஓட்டினால் தலைக்கவசமும் இருக்கை வாரும் ஆம்புலன்ஸும் உள்ள திடல் தேவை. தாத்தாவின் பழைய டட்சன் 402 மீட்டரை மெதுவாகக் கடந்தாலும் பரவாயில்லை. அதை ஓட்டிய பிள்ளை மாலையில் வீடு திரும்ப வேண்டும்.